ஈரம் எத்தனை விழுக்காடு? எம்முறையில் அளந்தது?

விளைபொருள்களின் தரத்தைக் கூறும் அறிக்கைகளில் ஈரத்தின் அளவு தவறாமல் இடம் பெறுகிறது. "ஈரம் 11 விழுக்காடு" என்று ஒரு வரி. அவ்வொரு வரியைக் கொண்டே உழவருக்கு விலை கூடுகிறது அல்லது குறைகிறது. மூட்டை கிடங்கினுள் செல்கிறது அல்லது வெளியே நிற்கிறது. அயல்நாட்டுக்கு அனுப்பிய சரக்கு ஏற்கப்படுகிறது அல்லது திரும்பி வருகிறது. ஆயினும், அவ்வெண் எந்த முறையால் பெறப்பட்டது என்று கேட்போர் மிகச் சிலரே. முறையைக் கூறாத ஈர எண் பாதி உண்மையே என்பதும், நறுமணப் பொருள்களைப் பொறுத்தவரை அது நல்ல சரக்கை விளைவித்தவருக்கே தீங்காக முடியலாம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் இதனைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

ஈரத்தை அறிய நாம் பொதுவாகக் கையாளும் முறை, உலர்த்தும் அடுப்பில் வைத்து எடை பார்ப்பதாகும். மாதிரியை நிறுத்து, 105 டிகிரி சென்டிகிரேடு அளவில் எடை மாறாத நிலை வரும் வரை உலர்த்தி, மீண்டும் நிறுக்கிறோம். குறைந்த எடை முழுவதும் தண்ணீர் என்று கொள்கிறோம். நெல், கோதுமை, சோளம் போன்ற தானியங்களுக்கு இக்கொள்கை பெரும்பாலும் பொருந்தும். அவற்றிலிருந்து அச்சூட்டில் வெளியேறுவது ஏறத்தாழ தண்ணீர் ஒன்றே. ஆனால் மிளகு, ஏலம், கிராம்பு, சீரகம், சாதிக்காய் ஆகியவற்றின் நிலை வேறு. இவற்றின் மணத்திற்குக் காரணமான எண்ணெய், எளிதில் ஆவியாகும் தன்மையது. அடுப்பில் தண்ணீர் வெளியேறும்போது இவ்வெண்ணெயிலும் ஒரு பகுதி உடன் செல்கிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றே. எடை குறைந்தது என்பதை அது காட்டும். குறைந்தது எது என்பதைக் காட்டாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனைப் பார்ப்போம். 100 கிராம் மிளகில் 12 கிராம் தண்ணீரும் 3 கிராம் ஆவியாகும் எண்ணெயும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். அடுப்பில் எண்ணெயின் பாதி போய்விட்டால், எடைக்குறைவு 13.5 கிராம். முழு மிளகிற்கு நம் நாட்டு உணவுத் தர விதிகள் வகுத்துள்ள ஈர உச்ச அளவு 13 விழுக்காடு. ஆகவே விதிக்கு உட்பட்ட அச்சரக்கு, விதியை மீறியதாக அறிக்கையில் ஏறிவிடும். எண்ணெய் குறைந்த, மணம் குன்றிய மற்றொரு மிளகு அதே 12 கிராம் தண்ணீருடன் இருந்தால், அது எளிதில் தேறிவிடும். எண்ணெய் எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவுக்குச் சரக்கு "ஈரமானது" என்று பெயர் பெறுகிறது. கிராம்பில் ஆவியாகும் எண்ணெய் 15 விழுக்காட்டிற்கு மேலும் இருக்கும். அதனை அடுப்பில் வைத்து ஈரம் கூறுவது எத்துணைப் பொருத்தமற்றது என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாலை வடிக்கும் முறை

இக்குறையை நீக்கவே வாலை வடித்து ஈரம் அளக்கும் முறை ஏற்பட்டது. 1920ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் டீன், ஸ்டார்க் என்னும் இருவர், பெட்ரோலியத்துடன் கலந்துள்ள தண்ணீரை அளப்பதற்காக ஒரு கண்ணாடிக் கருவியை விவரித்தனர். 1925இல் பிட்வெல், ஸ்டெர்லிங் என்னும் இருவர் உணவுப் பொருள்களின் ஈரத்தை அளப்பதற்கு ஏற்ற அமைப்பு ஒன்றை வெளியிட்டனர். இன்று நறுமணப் பொருள்களின் ஈரத்திற்கு நம் நாட்டுத் தர நிர்ணய முறைகளும் அனைத்துலகத் தர முறைகளும் ஏற்றுக்கொண்டிருப்பது டொலுவீனைக் கொண்டு வடிக்கும் இம்முறையே.

கருவி எளியது. ஒரு குடுவை, அதன்மேல் அளவுக் கோடுகள் இட்ட சிறு குழாய், அதற்கும் மேலே குளிர்ந்த நீர் ஓடும் ஆவி ஒடுக்கி. பொடித்த மாதிரியைக் குடுவையில் இட்டு, அது மூழ்கும் அளவுக்கு டொலுவீனை ஊற்றிக் காய்ச்சுகிறோம். டொலுவீனின் ஆவியும் தண்ணீரின் ஆவியும் சேர்ந்தே எழுந்து, ஒடுக்கியில் குளிர்ந்து, அளவுக் குழாயில் விழுகின்றன. தண்ணீர் கனமானது, அடியில் தங்குகிறது. டொலுவீனின் அடர்த்தி 0.87, அது மேலே மிதந்து, குழாய் நிறைந்ததும் வழிந்து குடுவைக்கே திரும்புகிறது. இச்சுழற்சி தொடரத் தொடர மாதிரியிலுள்ள தண்ணீர் முழுவதும் குழாயின் அடியில் சேர்ந்துவிடும். அதன் பருமனைக் கண்ணால் படித்துக்கொள்கிறோம். 40 கிராம் மாதிரியிலிருந்து 4.4 மில்லி லிட்டர் தண்ணீர் கிடைத்தால் ஈரம் 11 விழுக்காடு.

நறுமண எண்ணெய் என்னவாகிறது? அது டொலுவீனில் கரைந்துவிடுகிறது. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது. தனியே இருந்தால் அது தண்ணீருக்கும் அடியில் சென்று நம்மை ஏமாற்றக்கூடும். ஆனால் டொலுவீனின் பெரும் பருமனில் கரைந்துவிடுவதால் அதற்கு அவ்வாய்ப்பு இல்லை. நாம் அளப்பது எடைக்குறைவை அன்று. கண்முன் திரண்டு நிற்கும் தண்ணீரையே அளக்கிறோம். இதுவே இம்முறையின் சிறப்பு.

ஆசிரியர்களுக்கு இக்கருவி ஒரு பாடநூலாகவே விளங்கும். தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரி. டொலுவீனின் கொதிநிலை ஏறத்தாழ 111 டிகிரி. ஆனால் இரண்டும் சேர்ந்த கலவை 84 டிகிரியைச் சிறிது கடந்ததுமே கொதிக்கத் தொடங்குகிறது. ஏன்? ஒன்றில் ஒன்று கரையாத இரு திரவங்களும் தத்தம் ஆவி அழுத்தத்தைத் தனித்தனியே செலுத்துகின்றன. அச்சூட்டில் தண்ணீரின் ஆவி அழுத்தம் சுமார் 422 மில்லி மீட்டர். டொலுவீனுடையது சுமார் 338. கூட்டினால் 760, காற்று மண்டல அழுத்தத்திற்கு ஈடாகிறது. அவ்வழுத்தங்களை முறையே மூலக்கூற்று எடைகளாகிய 18, 92 ஆகியவற்றால் பெருக்கிப் பார்த்தால், வடியும் கலவையின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்பதும் புலனாகும். டால்டனின் பகுதி அழுத்த விதியை மாணவர் மனனம் செய்வதைக் காட்டிலும், இவ்வொரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். மலைப் பகுதிகளில் காற்றழுத்தம் குறைவாதலால் கலவை இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆனால் திரளும் தண்ணீரின் அளவு மாறாது என்பதையும் சுட்டிக்காட்டலாம்.

சிறிதளவு ஈரமும் அதன் எல்லையும்

இம்முறையைப் புகழ்ந்துரைத்த பின், அதன் எல்லையையும் கூறுதல் கடமை. மிளகிலும் மஞ்சளிலும் ஈரம் பத்து விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஆனால் எண்ணெய்களிலும் பெட்ரோலியப் பொருள்களிலும் தண்ணீர் மிகச் சிறிதளவே இருக்கக்கூடும். அங்கும் இதே கருவி பயன்படுகிறது. அங்குதான் அறிக்கைகளில் ஒரு தவறான சொல் புகுந்துவிடுகிறது. அச்சொல் "இல்லை" என்பது.

அளவுக் குழாயின் ஒரு சிறு கோடு 0.1 மில்லி லிட்டர் என்று கொள்வோம். தேர்ந்த கண் அதில் பாதியை, அதாவது 0.05 மில்லி லிட்டரைப் பிரித்துணரும். 100 கிராம் எண்ணெயை எடுத்து வடித்து, குழாயில் ஒன்றும் காணவில்லை என்றால், நாம் அறிந்தது யாது? தண்ணீர் 0.05 விழுக்காட்டிற்குக் குறைவு என்பது மட்டுமே. மின்மாற்றியில் பயன்படும் எண்ணெயில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு தண்ணீர் இருந்தாலே அதன் மின்காப்புத் திறன் பாதிக்கப்படும். பத்து லட்சத்தில் 20 பங்கு என்றால், 100 கிராமில் 0.002 கிராம், ஒரு துளியின் இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதனை எந்த அளவுக் குழாயும் நமக்குக் காட்டாது.

மற்றொரு நுட்பமும் உண்டு. டொலுவீன் தண்ணீரோடு கலவாது என்று பாடநூல்கள் கூறுவது முற்றிலும் சரியன்று. அறையின் சூட்டில் அது தன் எடையில் ஏறத்தாழ 0.05 விழுக்காடு தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 100 மில்லி லிட்டர் டொலுவீனில் இவ்வாறு மறையும் தண்ணீர் 0.04 மில்லி லிட்டர் வரை இருக்கலாம். மிளகிலிருந்து வந்த 4 மில்லி லிட்டரில் இது நூற்றில் ஒரு பங்கு. பொருட்படுத்தாமல் விட்டாலும் பெருங்கேடு இல்லை. ஆனால் எண்ணெயிலுள்ள சிறிதளவு ஈரத்தை அளக்கும்போது, நாம் தேடும் அளவும் மறையும் அளவும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே மாதிரி இன்றி வெறும் டொலுவீனை மட்டும் வடித்துப் பார்ப்பதும், அளந்த தண்ணீரைச் சேர்த்து அது முழுவதும் திரும்பக் கிடைக்கிறதா என்று சோதிப்பதும் இன்றியமையாதவை. மாதிரியின் அளவை 200 கிராமாகக் கூட்டினாலும், நுண்ணிய கோடுகளுடைய குழாயைப் பயன்படுத்தினாலும் எல்லை சற்றுக் கீழே இறங்கும். அதற்கும் கீழே செல்ல வேண்டுமாயின், 1935இல் கார்ல் ஃபிஷர் என்னும் ஜெர்மானிய வேதியியலார் வகுத்த, அயோடினைக் கொண்டு தண்ணீரை அளக்கும் முறையை நாடுவதே அறிவுடைமை.

எனவே "ஈரம் இல்லை" என்னும் தொடரை நம் அறிக்கைகளிலிருந்து அகற்றிவிட வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. "வாலை வடிக்கும் முறையில், 0.05 விழுக்காட்டிற்குக் குறைவு" என்று எழுதுவதற்கு இன்னும் சில சொற்களே தேவை. ஆனால் அச்சொற்கள், அறிக்கையைப் படிப்பவர் அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைத் தெளிவாக உரைக்கின்றன. கருவிக்குத் தெரியாதது வேறு. பொருளில் இல்லாதது வேறு.

எதிர்வாதங்கள்

இம்முறைக்கு எதிராகக் கூறப்படுவன மூன்று. முதலாவது, நேரம். ஒரு மாதிரிக்குச் சில மணி நேரம் ஆகலாம். குண்டூர் மிளகாய்ச் சந்தையிலும், நிஜாமாபாத், சாங்கிலி மஞ்சள் சந்தைகளிலும், உஞ்ஜா சீரகச் சந்தையிலும் பருவ காலத்தில் வந்து குவியும் மூட்டைகளுக்கு முன் இது நடவாத செயல் என்பர். உண்மையே. ஒவ்வொரு மூட்டைக்கும் வாலை வடிக்க வேண்டும் என்று எவரும் கூறவில்லை. களத்தில் மின் ஈரமானி இருக்கட்டும். ஆனால் அவ்வீரமானி தண்ணீரை நேரே அளப்பதன்று. பொருளின் மின் பண்பை அளந்து, முன்பே அமைத்த அட்டவணை ஒன்றைக் கொண்டு ஈரமாக மாற்றிக் கூறுகிறது. மிளகாய்க்கு அமைந்த அட்டவணை மஞ்சளுக்குப் பொருந்தாது. அந்த அட்டவணையைச் சரிபார்க்க ஓர் உரைகல் வேண்டுமன்றோ? அவ்வுரைகல்லே வாலை வடிக்கும் கருவி. பருவத்தின் தொடக்கத்தில், ஒவ்வொரு விளைபொருளிலும் உலர்ந்தது, நடுத்தரமானது, ஈரமானது என்று சில மாதிரிகளை இரு வழியாலும் அளந்து ஒப்பிட்டுவிட்டால், அப்பருவம் முழுவதற்கும் ஈரமானியை நம்பிக்கையோடு கையாளலாம்.

இரண்டாவது, ஆபத்து. இதனை நாம் எளிதாக எண்ணலாகாது. டொலுவீன் எளிதில் தீப்பற்றக்கூடியது; அதன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானதாதலால் மேசையின் மீதும் தரையின் மீதும் தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள தீயைத் தொடும். ஸ்பிரிட் விளக்கிலோ வாயு அடுப்பிலோ இதனைக் காய்ச்சுதல் கூடாது. குடுவையைச் சூழ்ந்த மின் வெப்ப உறையும், ஆவியை வெளியேற்றும் காற்றோட்ட அறையும் தேவை. ஒடுக்கியில் ஓடும் நீர் நின்றுவிட்டால் உடனே சூட்டை நிறுத்த ஓர் ஆள் அருகில் இருத்தல் வேண்டும். பழைய நூல்கள் சில டொலுவீனுக்குப் பதிலாகப் பென்சீனைக் கூறுகின்றன. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று இன்று ஐயமின்றி அறியப்பட்டுள்ளதால் அதனைத் தொடாதிருத்தலே நன்று. உயர்நிலைப் பள்ளிகளில் டொலுவீன் சோதனையை மாணவர் கையில் கொடுத்தல் ஆகாது. கல்லூரி ஆய்வுக்கூடமே அதற்குரிய இடம். பள்ளி ஆசிரியர், ஒரு பொருளை அடுப்பில் உலர்த்தி, மணிக்கொரு முறை நிறுத்து வரைபடம் எழுதச் செய்து, "குறைந்தது எல்லாம் தண்ணீர்தானா?" என்ற வினாவை எழுப்பினால் போதும். அறிவியல் அவ்வினாவில்தான் தொடங்குகிறது.

மூன்றாவது, இம்முறையும் பிழையற்றதன்று என்பது. இதுவும் உண்மையே. சர்க்கரைச் சத்து மிகுந்த பொருள்களை நெடுநேரம் காய்ச்சினால், அவை சிதைந்து புதிதாகத் தண்ணீரைத் தோற்றுவிக்கும். அத்தண்ணீரும் குழாயில் சேரும். கண்ணாடி நன்கு தூய்மை செய்யப்படாவிடில் நீர்த்துளிகள் ஒடுக்கியின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, கணக்கில் சேராமல் போகும். சூடு ஆறுமுன் படித்தாலும் அளவு பிழைபடும். முதலில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் வடித்தல், தண்ணீரின் மட்டம் இனி உயரவில்லை என்று அரை மணி இடைவெளியில் இருமுறை பார்த்தல், ஒட்டிய துளிகளைச் சிறிது டொலுவீனால் கழுவி இறக்குதல், அறையின் சூட்டிற்கு ஆறவிட்டுப் படித்தல் ஆகிய நெறிகளைக் கைக்கொண்டால் இப்பிழைகள் பெரும்பாலும் நீங்கும். பிழையின் காரணம் அறியப்பட்ட முறை, பிழை மறைந்திருக்கும் முறையைவிட மேலானது.

மாதிரி எடுப்பதில் கவனம்

இத்தனையும் செய்து, மாதிரியைத் தவறாக எடுத்தால் முயற்சி வீணாகும். மூட்டையின் வாய்ப்புறத்தில் இருப்பது காற்றுபட்டு உலர்ந்திருக்கும்; நடுவில் இருப்பது அவ்வாறன்று. மிளகாய் வற்றலின் தோல், விதை, காம்பு ஆகிய மூன்றிலும் ஈரம் ஒரே அளவாக இராது. வற்றல் நொறுங்காமல் இருப்பதற்காக அதன்மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. ஆகவே பல மூட்டைகளில், பல ஆழங்களில் எடுத்துக் கலந்து, அதிலிருந்தே சோதனைக்குரிய பங்கைப் பிரிக்க வேண்டும். துணிப்பையிலும் காகித உறையிலும் அனுப்பிய மாதிரி, மழைக்காலத்தில் வழியிலேயே ஈரத்தை உறிஞ்சும், கோடையில் இழக்கும். காற்றுப்புகாத புட்டியில், மேலே வெற்றிடம் இராதபடி நிரப்பி அனுப்புவதே முறை. பொடிக்கும்போது இயந்திரம் சூடேறினால், ஆய்வு தொடங்குமுன்பே ஈரத்தின் ஒரு பகுதி போய்விடும். கால் விழுக்காட்டின் நுட்பத்தைக் கருவி தரலாம்; மாதிரி இரண்டு விழுக்காடு பிழைபட்டிருந்தால் அந்நுட்பத்தால் யாது பயன்?

இவையெல்லாம் வெறும் ஆய்வுக்கூடக் கவலைகள் என்று எண்ணிவிடக் கூடாது. 20 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ சரக்கை 10 விழுக்காட்டிற்கு உலர்த்தினால் எஞ்சுவது 90 கிலோ அன்று, 88.9 கிலோவே. இக்கணக்கை உழவருக்கு விளக்கிக் கூறாவிடில், உலர்த்தியவர் ஏமாந்ததாகவே எண்ணுவார். மறுபுறம், போதிய அளவு உலராத மிளகாயிலும் நிலக்கடலையிலும் பூஞ்சை வளர்ந்து, அஃப்லடாக்சின் என்னும் நச்சுப் பொருள் தோன்றும். 1960இல் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிகள் மடிந்ததை ஆராய்ந்தபோது, அவற்றின் தீவனத்தில் சேர்ந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்நச்சு வெளிப்பட்டது. மிளகாய் வற்றலுக்கு நம் விதிகள் 11 விழுக்காட்டை ஈரத்தின் உச்சமாக வைத்திருப்பது இத்தகைய கேடுகளைத் தடுக்கவும் துணைசெய்கிறது. ஐரோப்பிய நாடுகள் மிளகாய் உள்ளிட்ட நறுமணப் பொருள்கள் சிலவற்றில் இந்நச்சுகளின் மொத்த அளவு கிலோவுக்கு 10 மைக்ரோ கிராமைத் தாண்டலாகாது என்று வகுத்துள்ளன. ஈரத்தைக் குறைத்துக் கூறும் எண் உண்பவருக்குத் தீங்கு. மிகைப்படுத்திக் கூறும் எண் விளைப்பவருக்குத் தீங்கு. இரண்டிற்கும் இடையே நிற்பவர் அளப்பவரே.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. ஆவியாகும் எண்ணெய் மிகுந்த பொருள்களை உலர்த்தும் அடுப்பின் எண்ணைக் கொண்டு தள்ளுபடி செய்தல் கூடாது. ஐயம் எழுந்தால் வாலை வடித்துப் பார்த்தே முடிவு கூற வேண்டும். விளைபொருள்கள் மிகுதியாகக் கூடும் மாவட்டந்தோறும், இச்சோதனையைப் பாதுகாப்பாகச் செய்யவல்ல ஓர் ஆய்வுக்கூடமேனும் எட்டும் தொலைவில் அமைய வேண்டும். களத்திலுள்ள ஈரமானிகள் பருவந்தோறும் அங்கே சரிபார்க்கப்பட வேண்டும். ஒவ்வோர் அறிக்கையிலும் எண்ணோடு முறையும், முறையோடு அதன் எல்லையும் எழுதப்பட வேண்டும். இவற்றுள் முதலிரண்டிற்குப் பொருளும் காலமும் தேவை. மூன்றாவதற்கு ஒரு பேனாவே போதும். அதனைக் களப் பணியாளர்கள் நாளைய அறிக்கையிலேயே தொடங்கலாம். எண்ணைக் கண்டதும் "எம்முறையில் அளந்தது?" என்று கேட்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் தம் மாணவரிடம் வளர்த்துவிட்டால், நாளை அறிக்கை எழுதும் தலைமுறைக்கு இதனை எவரும் நினைவூட்ட வேண்டியிராது.